கல்லாவில் தோற்றதை ரீல்ஸில் ஜெயிக்க முடியாது

சமூக ஊடகத்தில் ஒரு கம்பெனி ஜெயித்தால் அதற்குப் பதிவு போடத் தெரிந்திருக்கிறது, தோற்றால் தெரியவில்லை. இன்று எல்லோரும் நம்புகிற கணக்கு இதுதான். தொழில்முனைவோர் கூட்டத்தில் மைக் பிடிப்பவர் இதைச் சொல்கிறார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு நடத்துபவர் இதைச் சொல்லித்தான் கட்டணம் வாங்குகிறார். ஜவுளிக்கடைக்காரரின் கல்லூரி முடித்த மகன் அப்பாவிடம் இதையே திருப்பிச் சொல்கிறான். தினமும் போட வேண்டும், ஓடுகிற பாட்டை எடுத்துப் போட வேண்டும், பேர் கெட்டால் அரை மணி நேரத்துக்குள் விளக்கம் போட வேண்டும். போட்டால் வியாபாரம் வரும், போடாவிட்டால் கடை காணாமல் போகும்.

இந்தக் கணக்கு அடியிலிருந்தே தப்பு. அதை விளங்கிக்கொள்ளக் கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ளவர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023-ல் எங்கள் கண்ணெதிரே நடந்தது.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பழுப்பு நிலக்கரிப் பகுதியும் இருந்தது. ஊரே கலங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் காவிரி டெல்டாவின் மற்ற இரண்டு இடங்களையும் விலக்கச் சொல்லிவிட்டதாக அமைச்சர் பிரகலாத் ஜோஷி ஏப்ரல் 8-ம் தேதி ட்விட்டரில் அறிவித்தார். கலக்கம் முழுக்கத் தணியவில்லை. அடுத்த மூன்று மாதம் எல்லோரும் நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் நெய்வேலியின் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் இருந்தோம்.

ஜூலை 26-ம் தேதி, சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன் இயந்திரங்கள் வயலில் இறங்கின. என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலை அது. நெல் பச்சைப்பசேலென்று நின்றது. இயந்திரம் அதன் மேலேயே ஏறிப் போனது. வாளி, வேரோடு மண்ணும் பயிருமாக அள்ளி ஓரத்தில் கொட்டியது. சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி தமிழ்நாட்டின் எல்லாச் செல்போனிலும் ஓடியது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் கலவரத்தில் முடிந்தது. அன்புமணி ராமதாஸ் கைதானார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர், பயிர் அழிக்கப்பட்டதைப் பார்த்துத் தமக்கு ஏற்பட்ட வேதனையை வெளிப்படையாகச் சொன்னார். அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்று கேட்டார்.

என்.எல்.சி. தன் பக்கத்தைச் சொல்லாமல் இருக்கவில்லை. அந்த நிலங்களை 2006 முதல் 2013 வரையிலான காலத்திலேயே கையகப்படுத்திவிட்டோம் என்றது. மொத்தம் 12 கிலோமீட்டர் கால்வாயில் பத்தரை கிலோமீட்டர் முடிந்துவிட்டது, மிச்சம் ஒன்றரைதான் என்றது. பயிர் வைக்க வேண்டாமென்று 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டோம் என்றது. சுரங்கம் நின்றால் மின்சாரம் என்னாகும் என்று கேட்டது. இவையெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். நிலம் சட்டப்படி கம்பெனியுடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம்.

வல்லுநர்கள் இதற்குச் சொன்ன வைத்தியம் என்ன? "கதையை என்.எல்.சி. முந்திக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். மக்கள் தொடர்பு சரியில்லை. சமூக ஊடகக் குழு தூங்கிவிட்டது." எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். என்ன பதிவு போட்டிருக்க முடியும்? எந்த வாசகத்தை எழுதி அந்த வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க முடியும்? 'பணம் கொடுத்துவிட்டோம்' என்று எழுதிப் பாருங்கள். 'நோட்டீஸ் கொடுத்துவிட்டோம்' என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் வீடியோவை இன்னும் மோசமாக்கும்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் விளைந்து நிற்கிற வயலைக் குறுக்கே மிதித்துக்கொண்டு போவதில்லை. அவசரமென்றாலும் வரப்பைச் சுற்றித்தான் போவார்கள். பங்காளிச் சண்டை முற்றி, சர்வேயரைக் கூட்டிவந்து அளக்கிற நிலைக்கு வந்த பிறகும், "அறுப்பு முடியட்டும், அப்புறம் கல்லு நடலாம்" என்று சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். அதற்கு இரண்டு தரப்பும் கட்டுப்படும். நிலம் யாருடையது என்ற வழக்கு வேறு, நிற்கிற பயிர் வேறு. இது தெரியாத ஒருவர் நெய்வேலியில் ஏதோ ஓர் அலுவலக மேஜையில் ஜூலை மாதத்தைக் குறித்தார். தோல்வி அங்கே நடந்தது. ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் நடந்தது அதன் எதிரொலி மட்டுமே.

பின்னால் உயர் நீதிமன்றம் என்ன செய்தது என்று பாருங்கள். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மற்றவர்கள் அறுவடையை முடித்து நிலத்தை ஒப்படைக்கச் செப்டம்பர் நடுவரை அவகாசம் தந்தது. அதாவது ஊர்ப் பெரியவர் சொல்லியிருக்கக்கூடிய அதே தீர்ப்பு. பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்த கம்பெனி இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் எந்த விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

"என்.எல்.சி. என்ன சோப்பா விற்கிறது? மின்சாரத்தை வாங்குவது மின்வாரியங்கள். பேர் கெட்டால் அதற்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் நிலத்தில் இருக்கிறது. சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய தொழில். கத்தாழை, கரிவெட்டி என்று ஊர் ஊராக நிலம் கேட்டுத்தான் பிழைக்க வேண்டும். வீட்டு வாசலில் அதிகாரி வந்து உட்காரும்போது, எதிரே இருப்பவர் அந்த வீடியோவை நினைத்துக்கொண்டுதான் பேசுவார். 1956-ல் தொடங்கிய கம்பெனி அது. தன் நிலத்தில் பழுப்பு நிலக்கரி இருப்பதைக் கண்டு, ஏக்கர் கணக்கில் நிலத்தை எழுதிக்கொடுத்த ஜம்புலிங்க முதலியாரின் பேரை இன்னும் மக்கள் சொல்கிறார்கள். 1990-களின் கடைசியிலிருந்து நெய்வேலியில் நடந்துவரும் புத்தகக் கண்காட்சிக்கு இங்கிருந்து பஸ் ஏறிப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தவர்கள் ஏராளம். அந்த நல்ல பேரை எந்த ஏஜென்சியும் உண்டாக்கவில்லை. நிலமும் வேலையும் புத்தகமும் உண்டாக்கின. கெட்ட பேரையும் ஏஜென்சி உண்டாக்கவில்லை.

உணவு டெலிவரி கம்பெனியான சொமேட்டோவின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் கெட்டிக்காரத்தனம் என்றால் இந்தியாவில் முதலில் சொல்லப்படும் பேர் அது. அதன் குறும்பான பதிவுகளைப் பாடமாகவே நடத்துகிறார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆர்டரில் ஒரு பொருள் குறைந்து வந்தது. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவருக்கு மொழி தெரியாததால் உணவகத்திடம் பேசிக் கேட்க முடியவில்லை. அதோடு நிற்காமல், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அடுத்த நாள் சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் நாடு முழுக்க ஓடியது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது. அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்னது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், அவரை மறுபடி சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். தமிழ்நாட்டுக்கு அனிருத்தை விளம்பர முகமாக வைத்திருக்கிறோம், கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைத்துக்கொண்டிருக்கிறோம் என்றும் அந்தக் கடிதம் சொன்னது.

அந்தக் கடிதத்தை நன்றாக எழுதினார்களா, முந்திக்கொண்டு போட்டார்களா என்று அலசிய கட்டுரைகள் வந்தன. எல்லாம் வீண். அனிருத் இருந்தார், சேவை மையத்தில் தமிழ் தெரிந்த ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். விளம்பரத்துக்குத் தமிழ் வேண்டும், புகாருக்கு வேண்டாம் என்று வரிசை வைத்த கம்பெனி அந்த வரிசைக்கான விலையைக் கொடுத்தது. பாவம், விலையின் முதல் தவணையைக் கட்டச் சொன்னது மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய ஊழியரிடம்.

அடுத்தது 'வைரல்' மயக்கம். பேசப்பட்டால் விற்கும் என்கிறார்கள். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் தன் கடை விளம்பரத்தில் தமன்னாவோடும் ஹன்சிகாவோடும் வந்தபோது சமூக ஊடகம் அவரைக் கேலி செய்ததற்கு அளவில்லை. அவர் முகத்தையும் நிறத்தையும் வைத்துச் செய்த கேலி அசிங்கமானது; அதைச் சிரித்துப் பகிர்ந்த படித்தவர்கள் வெட்கப்பட வேண்டும். அத்தனை கேலிக்கும் நடுவில் கடைக்குப் போகிற கூட்டம் போய்க்கொண்டேதான் இருந்தது, ஏனென்றால் கல்யாணத்துக்குப் பாத்திரமும் துணியும் ஒரே கூரைக்குக் கீழே கட்டுப்படியான விலையில் கிடைக்க வேண்டும் என்று வந்தவர்களுக்கு மீம்ஸால் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. அதே சரவணன் நடித்த 'தி லெஜண்ட்' 2022 ஜூலை 28-ல் வெளியானது. அதைப் பற்றி இணையத்தில் பேசாதவர் இல்லை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. இணையத்தின் கேலி கடையைக் காலி செய்யவில்லை, இணையத்தின் பேச்சு தியேட்டரை நிரப்பவும் இல்லை. இரண்டும் ஒரே மனிதருக்கு நடந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

சின்ன ஊர்களில் இந்த மயக்கம் வேறு வேஷத்தில் வருகிறது. கடை திறப்பு விழாவுக்கு யூடியூபரைக் கூப்பிடுவது, பழைய ஐந்து பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி, ஒரு ரூபாய்க்குச் சட்டை. விடியற்காலையில் வரிசை நிற்கும், போக்குவரத்து நிற்கும், வீடியோ லட்சக்கணக்கில் போகும். வரிசையில் நின்றவர்கள் பிரியாணிக்கு வந்தவர்கள். மறுநாள் முழு விலை சொன்னால் வரமாட்டார்கள். வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் வாடிக்கையாளர் யார்? வடலூர், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் சாலைகளில் பஸ் ஏறி வரும் கிராமத்துக் குடும்பங்கள். கரும்புப் பணம் வந்தாலும் நெல் போட்ட பணம் வந்தாலும் வருகிறவர்கள். ரீல்ஸுக்கு விருப்பம் அழுத்தியவர் துபாயில் இருக்கிறார், திருப்பூரில் இருக்கிறார். அவருடைய விருப்பத்தைக் கல்லாவில் போட முடியாது.

"அப்படியானால் பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டுவது எதற்கு?" என்ற கேள்வி நியாயமானது. கொட்டியவர்களே என்ன கண்டார்கள் என்பதைப் பார்ப்போம். உலகத்திலேயே விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்கும் கம்பெனிகளில் ஒன்று பிராக்டர் அண்ட் கேம்பிள். நம் வீட்டு ஏரியல், டைட், பாம்பர்ஸ் எல்லாம் அவர்களுடையவை. 2017-ல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரத்தை வெட்டினார்கள். விற்பனையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாதிப்பும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். அதற்கு முந்தின ஆண்டு ஃபேஸ்புக், வீடியோ பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு ஆண்டாகக் கூட்டிக் காட்டிவந்ததை ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டுச் சராசரி போட்டிருந்தார்கள். இதற்காக விளம்பரதாரர்கள் போட்ட வழக்கில் 2019-ல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. இவ்வளவு பெரிய கம்பெனிகளையே ஏமாற்றிய எண்களை, மாதக் கடைசியில் பி.டி.எஃப். ஆக்கி, 'உங்கள் ரீச் இவ்வளவு கூடியிருக்கிறது சார்' என்று சேத்தியாத்தோப்புக் கடைக்காரரிடம் நீட்டுகிறார்கள். அவரும் பார்த்துவிட்டு ஜி.பே.யில் பணம் போடுகிறார்.

சின்னவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே களம் என்ற பேச்சும் பொய்த்துப் பத்தாண்டாகிறது. ஆரம்பத்தில் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டது பின்தொடர்கிறவர்களுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. 2013 அக்டோபரில் நூற்றுக்குச் சுமார் 12 பேரையாவது எட்டிய பதிவுகள் 2014 பிப்ரவரியில் 6 பேரைத்தான் எட்டின என்று ஓகில்வி விளம்பர நிறுவனம் கணக்கெடுத்துச் சொன்னது. அதன் பிறகு இறங்குமுகம்தான். மீதிப் பேரிடம் போக வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியின் 2023 வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் சுமார் 13,190 கோடி விளம்பரத்தில் வந்தது. நாம் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர்களை நம்மிடமே வாடகைக்கு விடுகிற தொழில் அது. அதில் தினமும் பதிவு போடுவது நமக்கு லாபமா, அவர்களுக்கு லாபமா என்று யோசிக்க வேண்டும். பிரிட்டனின் லஷ் என்ற சோப்புக் கம்பெனி 2021 நவம்பரில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்நாப்சாட் நான்கிலிருந்தும் வெளியேறிவிட்டது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான விஷயம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சமூக ஊடகத்தால் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலிருந்து யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்கிறார்கள்; அதை வீட்டுப் பெண்கள் தமிழ்நாடு முழுக்க மறுவிற்பனை செய்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல்.

ஆனால் இவர்கள் ஏன் ஜெயித்தார்கள்? வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு வீடியோ விளம்பரம் இல்லை, வீடியோவே சரக்கு. கடை வேறு, பக்கம் வேறு என்ற பிரிவே அங்கே கிடையாது. இளம்பிள்ளை சேலை வீடியோக்களைக் கவனித்துப் பாருங்கள். பாட்டு இல்லை, மாடல் இல்லை. ஓர் அம்மா சேலையைப் பிரித்து முந்தியைக் காட்டுகிறார், உடலைத் திருப்பிக் காட்டுகிறார், பிளவுஸ் துணி இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறார், விலை சொல்கிறார். "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைங்க, டேமேஜ் இருந்தா மாத்தித் தரோம்" என்று நிபந்தனையையும் சொல்லிவிடுகிறார். டேமேஜ் வந்து மாற்றித் தராதவரின் பேர் மறுவிற்பனைக் குழுக்களில் ஒரே வாரத்தில் நாறிவிடும். கடைக்காரர் கல்லாவில் செய்கிற அத்தனையையும் அவர் போனில் செய்கிறார். ஆகவே இந்த உதாரணங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதும் இல்லை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையை வளர்த்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, அப்பாவின் பேரையே சுருக்கி 'சிக்' ஷாம்பு என்று விற்றார். கிராமத்துக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனை நிறுத்தித் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்கள் அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார்கள். இன்றைக்கு அவர்கள் தொடங்கினால் ரீல்ஸும் எடுத்திருப்பார்கள், எடுக்கட்டும். அந்தப் பையனின் முடி பிசுபிசுவென்று இருந்திருந்தால் ரீல்ஸ் அதையும் ஊருக்குச் சொல்லியிருக்கும்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் நான் மதிக்கிற சமூக ஊடகக்காரர் ஓர் உரக்கடைக்காரர். ரீல்ஸ் போட்டவரில்லை. காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கைப்பட எழுதிய ஒரு சீட்டின் போட்டோ: டி.ஏ.பி. இருக்கு, பொட்டாஷ் இருக்கு, யூரியா சாயங்காலம் லாரி வருது. 45 கிலோ மூட்டை யூரியாவுக்கு 266 ரூபாய் 50 காசுதான் வாங்குவார். யூரியா வேண்டுமென்றால் நுண்ணூட்ட டப்பாவும் சேர்த்து வாங்கு என்று தலையில் கட்டுகிற வழக்கம் பல கடைகளில் உண்டு, இவரிடம் கிடையாது. சரக்கு இல்லாத நாளில் 'இல்லை, வீணா அலைய வேண்டாம்' என்று அதே சீட்டில் எழுதிப் போடுகிறார். அந்த 'இல்லை'யை நம்பித்தான் அவருடைய 'இருக்கு'க்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தச் சீட்டை எப்படி அழகாக வடிவமைக்கலாம் என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கட்டும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடையைப் பற்றி ஊரில் தினமும் பேசுகிறவர்கள் யாரென்று தெரியுமா? கவுண்டரில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலை பிரித்துப் போடுகிற பெண்கள். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், வீட்டுக்குப் போய்த் தெருவில், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டில் அவர்கள் பேசுகிறார்கள். எது நல்ல துணி, எது சாயம் போகும், முதலாளி எப்படிப்பட்டவர் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கிராமத்தில் கல்யாணத் துணி எடுக்கப் புறப்படுகிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே திருத்தியது. எத்தனை கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறீர்கள்? அடுத்த மாதம் ஏஜென்சிக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்கிப் போடுங்கள், மிச்சத்தைச் சம்பளத்தில் சேருங்கள்.